பாட்டாவின் பெட்டியில் கிடைத்த கட்சி பேட்ஜ்கள்: எந்தக் காலத்தவை, எப்படிச் சேர்ப்பது?

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டது சுருக்கமாக இது. பாட்டா (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். காளைமாட்டுச் சின்னம் போட்ட தகர பேட்ஜ் ஒன்று, காமராஜர் படத்தோடு ராட்டை போட்டது ஒன்று, மலையாள எழுத்தோடு இரட்டை இலை போட்ட அட்டை பேட்ஜ் ஒன்று, அதோடு ஒரு கட்டு தேர்தல் நோட்டீஸ். வீட்டில் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போடச் சொல்கிறார்கள். இவை அசலா, விலை போகுமா, வெளிநாட்டில் தேர்தல் பட்டன் சேர்ப்பது போல இங்கேயும் சேர்க்க முடியுமா என்று கேட்கிறார். கடைசி வரியில், சேர்க்கத் தொடங்கினால் கட்சிக்காரன் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. விலையை முதலில் கேட்டிருந்தாலும், இவை எந்தத் தேர்தலில் யார் குத்தியவை, வைத்துக்கொள்ளத் தகுந்தவையா என்பதுதான் உங்கள் மனசில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். பதில் நீளும்.

மார்த்தாண்டம் பக்கம் அச்சகத் தொழிலில் வளர்ந்தவன் நான். ஈய எழுத்தைக் கேஸிலிருந்து பொறுக்கிக் கம்போஸ் செய்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, டிரெடில் மெஷினிலிருந்து ஆஃப்செட் வரை பார்த்துவிட்டேன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி நோட்டீசும் ஒரே மெஷினில்தான் ஓடும். காலையில் ஒரு வேட்பாளருடையது, மதியம் அவரை எதிர்த்து நிற்பவருடையது. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் அப்படி வந்தது, பேட்ஜ் அதன் பின்னால் வந்தது. ஆகவே காகிதம், அச்சு பற்றி நான் சொல்வதை நம்பலாம். தகரம், பித்தளை பற்றித் தெரிந்ததெல்லாம் மற்ற சேகரிப்பாளர்களோடு பழகிக் கற்றது. விலை விஷயத்தில் என் அறிவு அதைவிடக் குறைவு.

காளை பேட்ஜை எடுத்துக்கொள்வோம். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, 1951-52 முதல் பொதுத்தேர்தலிலிருந்து 1969இல் கட்சி உடையும்வரை காங்கிரசின் தேர்தல் சின்னம். இது உறுதி. 1969 ஜனவரியில் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில் பாட்டா குத்தியிருப்பார் என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது நடந்திருக்கலாம். தொகுதி எம்.பி.யாக இருந்த மார்ஷல் நேசமணி 1968இல் மறைந்த பிறகு வந்த தேர்தல் அது. 1967இல் விருதுநகரில் தோற்ற காமராஜர் இங்கே நின்று ஜெயித்து நாடாளுமன்றம் போனார். மாவட்டமே நினைவில் வைத்திருக்கும் தேர்தல் என்பதால், இங்கே எந்தக் காளை பேட்ஜைக் காட்டினாலும் ‘அது காமராஜர் எலெக்‌ஷன்’ என்று சொல்லிவிடுவார்கள். பேட்ஜில் பெயரோ வருஷமோ இல்லையென்றால் 1957, 1962, 1967 என்று எந்தத் தேர்தலாகவும் இருக்கலாம். 1952, 1954 என்றும் வாதிடலாம், ஆனால் அப்போது நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தமிழர் பக்கம் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தனியாக நின்றது. தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடிய தமிழர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11இல் நடந்த துப்பாக்கிச் சூட்டைச் சுற்றிய அந்த வருஷங்களில் காளை பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு மார்த்தாண்டம் சந்தைக்குப் போன தமிழர் அதிகம் இருந்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

ராட்டை பேட்ஜை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ராட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து நூற்கிறாளா? இருந்தால் அது தேர்தல் சின்னம். கட்சி உடைந்த பிறகு வந்த 1971 தேர்தலில் காளைச் சின்னம் இரு தரப்புக்கும் கிடைக்கவில்லை. இந்திரா காந்தி தரப்பு பசுவும் கன்றும் சின்னத்தில் நின்றது. காமராஜர் இருந்த ஸ்தாபனக் காங்கிரஸ் ராட்டை நூற்கும் பெண் சின்னத்தில் நின்றது. அந்த 1971 தேர்தலிலும் அவர் நாகர்கோவிலில் ஜெயித்தார். 1975 அக்டோபர் 2இல் மறையும்வரை நம் தொகுதி எம்.பி. அவர்தான். ஆக, பெண் இருக்கும் பேட்ஜ் நம் ஊரில் கிடைத்தால் 1971 அல்லது 1977 என்று எழுதி வைக்கலாம்; 1977 நாடாளுமன்றத் தேர்தலிலும் ஸ்தாபனக் காங்கிரஸ் இங்கே நின்றது. பெண் இல்லாமல் வெறும் ராட்டை என்றால் அது காங்கிரஸ் கொடியில் இருக்கும் ராட்டை. அதை வைத்து வருஷம் சொல்ல முடியாது. கட்சிக் கொடியில் இருப்பதும் வாக்குச்சீட்டில் இருப்பதும் வேறு வேறு என்பதை எல்லாக் கட்சிக்கும் நினைவில் வையுங்கள். அரிவாள் சுத்தியல் பேட்ஜைப் பார்த்ததும் ‘மார்க்சிஸ்ட், 1964க்குப் பிறகு’ என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. கட்சி பிளந்தது 1964இல்தான், ஆனால் அதற்கு முன்பே ஒன்றுபட்ட கட்சியின் கொடியில் அரிவாள் சுத்தியல் இருந்தது; அதன் தேர்தல் சின்னம் கதிர் அரிவாள். மே தின ஊர்வலத்துக்கும் சங்க மாநாட்டுக்கும் குத்திய பேட்ஜ் தேர்தலையே பார்த்திருக்காது.

மூன்றாவது பேட்ஜ்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘பாட்டா காங்கிரஸ்காரர், எப்போது எம்.ஜி.ஆர். கட்சிக்குப் போனார் என்றே தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போகாமலே இருந்திருக்கலாம். மாநிலக் கட்சிகளுக்குச் சின்னம் அந்தந்த மாநிலத்துக்குள்தான் ஒதுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இரட்டை இலை அ.தி.மு.க.வுக்கு, 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் தொடங்கியது. பாறசாலை தாண்டிவிட்டால் அதே இரட்டை இலை கே.எம்.மாணி தலைவராக இருந்த கேரள காங்கிரஸின் சின்னம். அந்தக் கட்சி ரப்பர் விவசாயிகளுக்கு நடுவில் வேர் விட்டது. உங்கள் பாட்டாவுக்கு ரப்பர் தோட்டமோ, கோட்டயம் பக்கம் கொடுக்கல் வாங்கலோ, சொந்தமோ இருந்ததா என்று வீட்டில் கேளுங்கள். அதே நேரம் மலையாள எழுத்து இருப்பதால் மட்டும் அது கேரளத்துப் பேட்ஜ் ஆகிவிடாது. விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசும் வாக்காளர் நிறைய. தமிழ்நாட்டுக் கட்சிகளும் அவர்களுக்காக மலையாளத்தில் அடித்ததுண்டு. பேட்ஜில் அண்ணாவோ எம்.ஜி.ஆரோ இருந்தால் இந்தப் பக்கம், மாணி இருந்தால் அந்தப் பக்கம். யார் படமும் இல்லாமல் இலை மட்டும் இருந்தால், அடித்த ஊர் எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று விளிம்பைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ‘இரட்டை இலை, எல்லைப் பகுதி, தரப்பு தெரியவில்லை’ என்றே எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

ஒரே தேர்தலோடு முடிந்துபோன சின்னங்கள் சேகரிப்பவர்களுக்குக் கிடைக்கும் கொடை. 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. இரண்டாக நின்றது, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. பிறகு அணிகள் சேர்ந்து இலை திரும்பியது. சேவலும் புறாவும் போட்ட பேட்ஜ், கட்சிப் பெயரோடு கிடைத்தால் தேதி பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இனி நோட்டீஸ் கட்டு. பேட்ஜைவிட அதுதான் பெரிய புதையல் என்பேன், ஏனென்றால் காகிதம் பேசும். முதலில் வாக்காளரிடம் என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். 1952, 1957 தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். வாக்குச்சீட்டை அந்தப் பெட்டிக்குள் போட்டால் போதும். ஆகவே ‘காளைப் பெட்டியில் போடுங்கள்’ என்று நோட்டீஸ் சொன்னால் அது அந்தக் காலம். 1962 பொதுத்தேர்தலில் ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சாகி முத்திரை குத்தும் முறை நிலைத்தது. நோட்டீசும் ‘முத்திரையிடுங்கள்’ என்று மாறியது. மின்னணு இயந்திரத்தை முதலில் பார்த்தது பக்கத்துக் கேரளம்தான், 1982இல் பரவூர் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில். 2001 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு மாநிலங்களும் முழுக்க இயந்திரத்துக்கு வந்துவிட்டன. ‘பட்டனை அழுத்துங்கள்’ என்ற வரி நம் ஊர் நோட்டீசில் அந்தச் சமயம் வந்ததுதான்.

அடுத்து எழுத்தின் வடிவம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது. அதற்கு முன் லை, ளை, னை, ணை நான்கும் மேலே துதிக்கை போல வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் தனி வடிவில் சுழித்திருக்கும். 1967 நோட்டீஸ் என்று ஒருவர் விற்கவரும்போது அதில் ‘லை’ இன்றைய வடிவில் இருந்தால் உஷாராகுங்கள். ஒரு விலக்கு உண்டு: பெரியார் 1935இலேயே குடிஅரசில் புதிய வடிவத்தைப் புகுத்திவிட்டார், ஆகவே திராவிடர் கழகத் துண்டறிக்கையில் அது இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். தலைகீழாக யோசிப்பதும் தப்பு. பழைய கொம்பு இருப்பதால் 1978க்கு முந்தியது என்று சொல்ல முடியாது. ஈய எழுத்து காசு கொடுத்து வாங்கியது. அரசாணை வந்தது என்பதற்காக எந்த அச்சகமும் கேஸைக் காலி செய்துவிடாது. தேயும்வரை பழைய எழுத்தே ஓடியது. மலையாளத்திலும் இதே கதை உண்டு. 1971இல் அங்கே புதிய லிபி வந்தது. கூட்டெழுத்துகள் பிரிந்தன, உகரக் குறி எழுத்தை விட்டு விலகித் தனியாக நின்றது. உங்கள் இரட்டை இலை பேட்ஜில் உகரம் எப்படி இருக்கிறது என்று மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

முகவரிகளையும் விடாதீர்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. அச்சக முகவரியில் அது இருந்தால் அதற்குப் பிந்தியது. ‘சென்னை ராஜ்யம்’ என்றிருந்தால் 1969க்கு முந்தியது. ‘திருவட்டாறு சட்டமன்றத் தொகுதி’ என்றிருந்தால் 2011க்கு முந்திய தேர்தல்; தொகுதி மறுவரையறையில் அது காணாமல் போனது. ‘நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதி’ 2009இல் கன்னியாகுமரி ஆனது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் நோட்டீஸ் அடிக்கக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ பிரிவு சேர்ந்தது 1960களில். 1967க்குப் பிந்தியது என்று சொல்லப்படும் நோட்டீசில் அச்சகப் பெயரே இல்லையென்றால் இரண்டில் ஒன்று: எதிராளியைத் திட்டி ரகசியமாக அடித்தது, அல்லது பின்னாளில் யாரோ செய்தது. ரகசியமாக அடித்தவையும் சேர்க்கத் தகுந்தவையே. நான் வைத்திருக்கிறேன்.

உங்கள் கட்டில் 1956க்கு முந்தியது ஏதாவது இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அதில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு இருக்கலாம். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824ஐயும், அதற்குப் பிறகு 825ஐயும் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் திருவிதாங்கூர் தேர்தல் 1948 பிப்ரவரியில் நடந்தது. அதாவது கொல்லம் 1123 தை, மாசி. அந்தத் தேர்தலின் தமிழ் நோட்டீஸ் ஒன்று கிடைத்தால் அதற்காக நான் களியக்காவிளைக்கே வந்துவிடுவேன். நன்கொடை ரசீது இருந்தால் எந்தக் காசில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சக்கரக் கணக்கு என்றால் திருவிதாங்கூர் நாணயம் ஓடிய காலம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றால் அதற்குப் பிறகு 1964 வரை. ரசீதுகளை யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் தேதியும் ஊரும் தொகையும் கையெழுத்தும் ஒரே துண்டில் இருப்பது ரசீதில் மட்டும்தான்.

அமெரிக்க பட்டன்கள் பற்றிக் கேட்டதால் அதையும் சொல்கிறேன். 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது கோட்டில் தைத்துக்கொள்ளும் பித்தளைப் பொத்தான்களில் அவர் பெயரெழுத்தைப் பொறித்து விற்றார்கள். லிங்கன் நின்ற 1860இல் அவருடைய சின்ன ஃபோட்டோவைப் பதித்த வில்லைகள் வந்தன. இன்று நாம் பார்க்கும் ஊசி குத்திய வட்ட பட்டன் 1896இல் மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் நடந்த தேர்தலில்தான் பெருகியது. அச்சடித்த காகிதத்தின் மேல் செல்லுலாய்டு தாளை விரித்துத் தகர வட்டில் மடித்துப் பிடிக்கும் நுட்பத்துக்கு நியூஜெர்சியின் ஒயிட்ஹெட் அண்டு ஹோக் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. சேகரிப்பாளர் சங்கம் 1945இலேயே தொடங்கிவிட்டது. 1920இல் தோற்றுப்போன காக்ஸ், ரூஸ்வெல்ட் இருவர் படமும் சேர்ந்த பட்டன் பல பத்தாயிரம் டாலருக்குப் போகிறது, காரணம் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. அங்கே பட்டனில் மனிதர் முகமும் பெயரும் பிரதானம். இங்கே சின்னம் பிரதானம், ஏனென்றால் நம் வாக்காளர் சின்னத்தைத் தேடி ஓட்டுப் போடப் பழக்கப்பட்டவர். அதனால்தான் நம் பேட்ஜில் வேட்பாளர் பெயரே இருக்காது. ஒரே அச்சில் மாநிலம் முழுக்க அடித்து அனுப்புவார்கள். தொகுதி தெரியாமல் போவதற்கும் அதுவே காரணம்.

போலி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் எண்ணெய் நிறுவனமும் டிஷ்யூ காகித நிறுவனமும்கூடப் பழைய பட்டன்களை மறுஅச்சு செய்து விளம்பரத்துக்குக் கொடுத்தன. குழப்பம் பெருகி, 1973இல் சட்டமே போட்டு, நகலில் அது செய்யப்பட்ட வருஷத்தைப் பொறிக்க வேண்டும் என்றார்கள். நம் ஊரில் அப்படிக் குறிக்கும் வழக்கமில்லை. இங்கே வருவதில் பாதி, ஏமாற்றுவதற்காகச் செய்ததே அல்ல. தலைவர் நூற்றாண்டுக்கோ மாநாட்டுக்கோ பழைய படத்தை வைத்துப் புதிதாக அடித்தவை, கை மாறி மாறிப் பழசாகிவிட்டவை. கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பிளாக் வைத்து அடித்த படத்தில் ஒரே நிறத்தில் வரிசையாகப் புள்ளி இருக்கும். நாலு நிற ஆஃப்செட்டில் நிறப் புள்ளிகள் ஒன்றைச் சுற்றி ஒன்று பூப்போல வட்டம் கட்டும். வீட்டு இங்க்ஜெட்டில் ஒழுங்கே இல்லாமல் தூவினாற்போல் இருக்கும். நோட்டீஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். ஈய எழுத்தில் ஓடிய காகிதத்தில் எழுத்தின் அழுத்தம் பின்னால் லேசாகத் தட்டுப்படும், ஆஃப்செட் வழுவழுவென்றிருக்கும்.

என்னிடம் உள்ள காளை பேட்ஜ் ஒன்றைச் சொல்கிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே ஒளிபுகும் தாள் பழுத்து, வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய காளைகள் வைக்கோல் நிறத்தில் நிற்கின்றன. விளிம்பிலிருந்து துரு உள்ளே ஏறி ஒரு காளையின் கொம்பைத் தொட்டுவிட்டது. பின்னால் வளையத்தில் ஊசி. ஊசி உரசிய இடத்தில் மட்டும் தகரம் பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறது, யாரோ பல நாள் குத்திக் கழற்றியிருக்கிறார். பழையது என்று விற்கும் பேட்ஜில் முன்பக்கம் மங்கலாகவும் பின்பக்கத் துரு எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உப்புத் தண்ணீரில் போட்டெடுத்தால் அப்படித்தான் ஆகும். கேரளத்து மழையில் நிஜமாகக் கிடந்த துரு விளிம்பிலும் ஊசியடியிலும் தொடங்கும்.

துருவைச் சொன்னதால் பாதுகாப்பு. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் பக்கம் இதுதான் பாதி வேலை. துருவைச் சுரண்டாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, உலர்ந்த டப்பாவில் ஒன்றோடொன்று உரசாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை மழைக்காலத்தில் மாற்றுங்கள். நோட்டீசை லேமினேட் செய்யவே கூடாது. செலோடேப் வேண்டாம், அதன் பசை சில வருஷத்தில் காகிதத்தைப் பழுப்பாக்கி ஊடுருவிவிடும். சாதாரண பிவிசி ஃபைல் உறை மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். இராமபாணப் பூச்சிக்கும் பாச்சைக்கும் வேப்பிலை, வசம்பு வைப்பவர்கள் உண்டு. நானும் வைக்கிறேன், காகிதத்தில் நேரடியாகப் படாமல் துணியில் முடிந்து. பெட்டியைச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காமல் இருப்பது அதைவிட முக்கியம், கரையான் அங்கிருந்துதான் வரும்.

சரி, மேற்கொண்டு என்ன சேர்ப்பது? நெட்டில் விற்கும் பளபள பேட்ஜுகளை வாங்கி அடுக்காதீர்கள். உங்களுக்கு இருக்கும் பலம் எல்லையில் இருப்பது. களியக்காவிளையிலிருந்து பாறசாலை வரைக்கும் ஒரே சாலையில் இரண்டு மொழி, இரண்டு கூட்டணிக் கணக்கு. தமிழ்நாட்டில் ஒரே மேடையில் கைகோத்து நிற்கும் காங்கிரசும் மார்க்சிஸ்டும் கொஞ்சம் தள்ளி எதிரெதிராக நிற்பார்கள். அதே நாடாளுமன்றத் தேர்தலில் இரு பக்கத்து நோட்டீசையும் சேர்த்து வைத்தால், சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உட்கார்ந்திருப்பவரால் சேர்க்க முடியாத ஒன்று உங்களிடம் இருக்கும். மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கம் சொந்தக்காரர் இருந்தால், தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகக் கேரளக் கட்சிகள் தமிழில் அடிக்கும் நோட்டீசைக் கேட்டு வாங்குங்கள். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தமிழில் பாடிப் பிரசாரம் செய்த மண் அது. தேர்தல் பாட்டுப் புத்தகம், மெட்டு குறித்த துண்டு நோட்டீஸ் எது கிடைத்தாலும் விடாதீர்கள். இன்னொன்று, மாநாட்டு பேட்ஜ். தேர்தல் பேட்ஜில் தேதி இருக்காது; மாநாட்டு பேட்ஜில் ஊர், தேதி, சில சமயம் பிரதிநிதியின் எண்கூட இருக்கும். கண்ணுக்கு அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் அன்றைக்கே ஒரு சீட்டு எழுதுங்கள்: எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, அவர் என்ன சொன்னார், நீங்களாக ஊகித்தது எது. பென்சிலால் எழுதுங்கள், மை ஊறும். பாட்டாவின் பெட்டியில் எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதும் ஒரு சாட்சி. பிரித்து அடுக்குவதற்கு முன் கிடந்தபடியே ஒரு ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். உங்கள் மாமா சொன்னதையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அது தப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை, அந்தத் தேர்தலை உங்கள் குடும்பம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அது ஆதாரம்.

சட்டம் பற்றியும் இரண்டு வார்த்தை. நிஜ வாக்குச்சீட்டை வாக்குச்சாவடியிலிருந்து வெளியே கொண்டுபோவதே குற்றம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135ஆவது பிரிவு. யாராவது விற்க வந்தால் தொடாதீர்கள். கட்சிகள் அடித்துக் கொடுத்த மாதிரி வாக்குச்சீட்டு மட்டும் போதும். பழைய இரும்பு வாக்குப்பெட்டி அரசாங்கச் சொத்து, முறையாக ஏலம் எடுத்த காகிதம் இல்லாமல் வாங்க வேண்டாம். தேர்தல் நடக்கும்போது சுவரிலிருந்து போஸ்டரைக் கிழிக்காதீர்கள். கட்சி அலுவலகத்தில் கேட்டாலே ஒன்று தருவார்கள், ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் போனால் கட்டாகவே தருவார்கள். நடத்தை விதி அமலில் இருக்கும் நாள்களில் மூட்டை நிறைய பேட்ஜோடு களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டாதீர்கள். சேகரிப்பு என்று பறக்கும் படையிடம் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். வாக்குச்சாவடிக்கு 100 மீட்டருக்குள் எந்தச் சின்னத்தையும் சட்டையில் குத்தக் கூடாது.

விலையைக் கடைசிக்குத் தள்ளினேன், சொல்ல அதிகம் இல்லை என்பதால். நம் ஊர் தேர்தல் பேட்ஜுக்கு நிலையான சந்தை கிடையாது. கேட்டது விலை, கொடுத்தது விலை. சுதந்திரத்துக்கு முந்திய எனாமல் பேட்ஜ், மாநாட்டுப் பிரதிநிதி பேட்ஜ் ஆகியவற்றுக்கு ஏலங்களில் ஆள் உண்டு. உங்கள் மூன்று பேட்ஜுக்கும் இப்போது கிடைக்கும் காசு, அவற்றோடு சேர்ந்த கதைக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். விற்கத்தான் வேண்டும் என்றால் தனித்தனியாகப் பிரிக்காமல் நோட்டீஸ் கட்டோடு சேர்த்து, சீட்டு எழுதி விற்றுவிடுங்கள்.

கட்சிக்காரன் என்று நினைப்பார்களா? நினைப்பார்கள், ஆல்பத்தைக் கட்சிவாரியாக அடுக்கினால். தேர்தல்வாரியாக அடுக்குங்கள். 1971 என்று ஒரு பக்கம், அதில் ராட்டை, பசுவும் கன்றும், உதயசூரியன், கதிர் அரிவாள் எல்லாம். 1989 என்று ஒரு பக்கம். ஜெயித்தவர் நோட்டீசுக்குப் பக்கத்தில் டெபாசிட் போன சுயேச்சையின் நோட்டீஸ். எந்தக் கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து புரட்டினாலும் தன் கட்சியைத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார், அப்புறம் தன் வீட்டுப் பரணில் கிடப்பதைக் கொண்டுவந்து கொடுப்பார். என் சேகரிப்பில் நல்லவை பலவும் அப்படி வந்தவைதான்.

இதெல்லாம் கேரள எல்லைக்குச் சொன்னது. திருத்தணி, பள்ளிப்பட்டு, சித்தூர்ப் பக்கம் இருந்து படிப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் சின்னம் எல்லை தாண்டினால் கட்சி மாறும். சைக்கிள் இந்தப் பக்கம் மூப்பனார் 1996இல் தொடங்கிய த.மா.கா., அந்தப் பக்கம் தெலுங்கு தேசம். திருத்தணி 1960இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, ஆகவே 1957 தேர்தலில் அது ஆந்திரத்தில் இருந்தது. அந்தத் தேர்தலின் தமிழ் நோட்டீஸ்கள் எந்த அச்சகத்தில் ஓடின என்பதை அங்குள்ள அச்சகக் குடும்பங்கள்தான் சொல்ல முடியும். எனக்குத் தெலுங்கு படிக்க வராது, அந்தப் பக்கப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்ததும் குறைவு. தெரிந்த ஒருவர் இங்கேயே அதை எழுதினால் நானும் படித்துத் தெரிந்துகொள்வேன். உங்கள் பேட்ஜுகளின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள். நோட்டீசில் அடியில் இருக்கும் அச்சக வரி தெளிவாகத் தெரியட்டும், மார்த்தாண்டம், நாகர்கோவில் அச்சகம் என்றால் என்னால் இன்னும் கொஞ்சம் சொல்ல முடியும்.